சாண் உயரத்தில் ஒரு தாதுகோபம்

வெலிமடையிலிருந்து பதுளைக்கு ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போய்வரும் நம் சகோதரிகளில் பலர், முதியங்கனை விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவம் சாண் உயரத்தில் யாத்திரைத் தலங்களின் கடைகளில் விற்கப்படுவதையும் கண்டிருப்பீர்கள். இன்று அதைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தெடுக்க முடிகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடையா, ஆடைத் தொழிற்சாலையா என்று யோசித்து நிற்கும் பெண் பிள்ளைகளுக்கு இது ஒரு கைத்தொழிலாகுமா? ஆகும் என்றே நினைக்கிறேன். இயந்திரம் வாங்கினால் போதும் என்று எண்ணுகிறவர்களுக்கு மட்டும் ஆகாது.

சிறிய தாதுகோபம் புதுமையான பொருளல்ல. நம் பதுளை மாவட்டத்து மகியங்கனைத் தாதுகோபமே சிறிதாகத்தான் தொடங்கியது என்கிறது மகாவம்சம். முதலில் நீலக்கல்லால் ஒரு தூபி; அதை மூடிப் பன்னிரண்டு முழத்தில் இன்னொன்று; பிறகு முப்பது முழம்; துட்டகைமுனு காலத்தில் எண்பது முழம். ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்த கதை அது.

நம்மவர்களுக்கு அந்நியமான பொருளும் அல்ல. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்கு அருகே, கந்தரோடையில், முருகைக்கல்லால் கட்டிய சிறு தூபிகள் ஒரே வளவுக்குள் கூட்டமாக நிற்கின்றன. 1917 முதல் போல் ஈ. பீரிஸ் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். அவை யாருக்குச் சொந்தம் என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் தமிழரிடையேயும் பௌத்தம் வழங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு மணிமேகலை சாட்சி. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்த வெண்கலங்களும் சாட்சி. அந்த வெண்கலங்களுக்குள் கையடக்கத் தூபிகளும் உண்டு.

இன்னொரு செய்தி நம்மை வியக்க வைக்கும். ஜப்பானை ஆண்ட ஷோதொகு என்ற பேரரசி, 764 ஆம் ஆண்டு ஒரு கிளர்ச்சி அடங்கியதும், பத்து இலட்சம் சிறு மரத் தூபிகள் செய்யும்படி கட்டளையிட்டார். 770 இல் வேலை முடிந்து, அவை பத்து ஆலயங்களுக்குப் பகிரப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் உயரம். உடல் வேறு, உச்சிக் கூம்பு வேறு என்று கடைசல் பட்டறையில் கடைந்து பொருத்தினார்கள். உள்ளே குடைந்த துளையில் அச்சிட்ட மந்திரத் தாள் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டது. உலகில் மிஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுத் தாள்களில் அவையும் சேரும். ஹொரியூஜி ஆலயத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தூபிகள் இன்னும் இருக்கின்றன. பலவற்றின் அடியில் கடைந்தவரின் பெயர் மையால் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து நவீன இயந்திரம் அந்தக் கடைசல்தான்!

கணினியிலும் வேலை அதே விதம்தான். தாதுகோபத்தை நடுவே பிளந்தால் தெரியும் ஓரக்கோட்டில் பாதியை மட்டும் வரைந்து, அதை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முழு வடிவமும் வந்துவிடும். குத்துவிளக்குத் தண்டு கடைவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழின் மேல் அமரும் சதுரப் பெட்டியை மட்டும் தனியே வரைய வேண்டும். குமிழிலும் வகைகள் உண்டு: மணி, குடம், நீர்க்குமிழி, நெற்குவியல், தாமரை, நெல்லிக்கனி என ஆறு வடிவங்களைப் பழைய நூல் சொல்கிறது. அநுராதபுரத்து ருவன்வெலிசாய நீர்க்குமிழி, களனி நெற்குவியல். இரண்டையும் கலந்து வரைந்தால் சிங்களப் பாட்டி ஒருவர் பார்த்தவுடனே சிரித்துவிடுவார்.

உண்மையான சிக்கல் சுருக்குவதில்தான். ஜேதவனாராமம் கட்டப்பட்டபோது 122 மீற்றர் உயரம் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்றாக்கினால் 12 சென்ரிமீற்றர். அப்போது 20 சென்ரிமீற்றர் தடித்த ஒரு விளிம்பு 0.2 மில்லிமீற்றராகிவிடும். வீட்டு உபயோக இயந்திரங்களில் பிளாஸ்டிக் இழை உருகி வரும் துளையே வழக்கமாக 0.4 மில்லிமீற்றர். திரையில் அழகாகத் தெரிந்த வளையம் பொருளில் காணாமல் போகும். ஆகவே எதைத் தடிப்பாக்குவது, எந்த வளையங்களைக் குறைப்பது என்று தீர்மானிக்க ஒரு கண் வேண்டும். கூலி அந்தக் கண்ணுக்குத்தான்; பொத்தானை யாரும் அழுத்தலாம்.

இயந்திரத்துக்கும் குணம் உண்டு. அது படை மேல் படையாக அடுக்குவதால், மேலே போகப் போக ஒடுங்கும் வடிவம் அதற்குச் சுலபம். சில வடிவங்களில் குமிழின் அடி உள்வாங்கும். அங்கே தாங்குகால் கொடுக்காவிட்டால் இழை தொங்கிவிடும். கூம்பின் நுனியில் ஒரு படை ஆறுமுன் அடுத்தது விழுவதால் நுனி உருகிச் சாயும். இரண்டு தூபிகளைச் சேர்த்து அச்சிட்டால் ஒன்று ஆற நேரம் கிடைக்கும். இவ்வகை இயந்திரத்துக்கான மூல உரிமம் 2009 இல் காலாவதியான பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. என்றாலும் ஒன்றை அச்சிடப் பல மணி நேரம் ஆகும். அதனால் நூறு தேவையென்றால் நூறையும் அச்சிடாதீர்கள். ஒன்றை அச்சிட்டு, கோடுகள் மறையத் தேய்த்து, அதைக்கொண்டு சிலிக்கன் ரப்பர் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றுவதே கட்டுப்படியாகும். தேய்க்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள். தூசு நெஞ்சுக்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அயலவர் கும்பிடும் பொருள். நம் பிள்ளையாரைச் செருப்புக்குப் பக்கத்தில் யாராவது வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பேனாக் கூடு, உண்டியல், சாம்பல் கிண்ணம் என்றெல்லாம் இந்த வடிவில் செய்து விற்க நினைக்காதீர்கள். மத உணர்வைப் புண்படுத்துவது நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமும்கூட. பழுதாகிப் போன துண்டுகளைக் குப்பையோடு எறியாமல், என்ன செய்யலாம் என்று பக்கத்துப் பன்சலைப் பிக்குவிடம் கேளுங்கள். முதல் மாதிரியையும் அவரிடமே காட்டுவது நல்லது. பிழையைச் சொல்லித் தருவதற்கு அவரைவிடத் தகுந்த ஆள் யார்?

கணினி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தடித்த காட்போட் மட்டையில் பாதிக் கோட்டை வரைந்து வெட்டுங்கள். ஈரக் களிமண் குவியலின் நடுவே ஒரு குச்சியை நட்டு, மட்டையை அதில் சாய்த்துச் சுற்றி வழித்தால் குமிழ் திரண்டு வரும். அதை ஜன்னல் ஓரம் வைத்து, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். கோடு எங்கே கோணியிருக்கிறது என்பதை அந்த நிழலே காட்டிக்கொடுக்கும்.