டவுன்வோட் விழுந்தால் யாரிடம் முறையிடுவது?

ஸ்டீமிட், ஹைவ் போன்ற பிளாக்செயின் தளங்களில் எழுதினால் பணம் கிடைக்கும் என்று கேட்டுக் கணக்குத் தொடங்குபவர்கள், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவின் கீழே தெரியும் தொகை இன்னும் உங்களுடையது அல்ல. ஏழு நாள் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் அது கைக்கு வரும். ஆறாம் நாள் எட்டு டாலர் காட்டிய பதிவு, நிறைய டோக்கன் வைத்திருக்கும் ஒருவர் போடும் ஒரே டவுன்வோட்டில் (எதிர்வாக்கில்) பூஜ்யமாகிவிடலாம். அவருடைய நன்மதிப்பு எண் உங்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தால், 25இல் தொடங்கிய உங்கள் எண்ணும் சரியும். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பதிவுகள் மறைக்கப்படும்.

டவுன்வோட் தேவைதான். அடுத்தவர் எழுத்தைத் திருடிப் போட்டுக் காசு பார்ப்பவர்களைத் தடுக்க அங்கே வேறு வலுவான வழி இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் போடும் டவுன்வோட் புதியவரை விரட்டிவிடுகிறது. ஒரு வரி விளக்கம் கிடைத்தால் திருத்திக்கொண்டு தொடரக்கூடியவர், அவமானப்பட்டு வெளியேறுகிறார். இதை அந்தச் சமூகங்களின் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

உங்களுக்கு அப்படி நடந்தால் ஏழு நாளுக்குள் அந்தப் பதிவிலேயே பணிவாகக் காரணம் கேளுங்கள். மேற்கோளுக்கும் படத்துக்கும் மூலம் கொடுக்காமல் விட்டிருந்தால் உடனே சேருங்கள். தவறு இல்லையென்றால், கூடுதல் டோக்கன் உள்ள வேறொருவரின் ஆதரவு வாக்கு இழப்பை ஈடுசெய்யலாம். நீங்கள் எழுதிய குழுவின் நிர்வாகி பதிவை மறைத்திருந்தால் அவரிடம்தான் பேச வேண்டும். மசியவில்லை என்றால் வேறு குழுவில் எழுதலாம். வாக்கு வலிமைக்காகக் கைக்காசைப் போட்டு டோக்கன் வாங்கி முடக்காதீர்கள். ஹைவில் அப்படி முடக்கியதைத் திரும்ப எடுக்க 13 வாரத் தவணை.

டோக்கனே அதிகாரம் என்பதை 2020 தெளிவாகக் காட்டியது. ஸ்டீமிட் நிறுவனத்தை கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் வாங்கியதும் அவருக்கும் பயனர் சமூகத்துக்கும் தகராறு முற்றியது. மார்ச்சில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய கிரிப்டோ சந்தைகள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் போட்டு வைத்திருந்த டோக்கன்களைக் கொண்டே வாக்களித்து, ஸ்டீமிட் இயங்கும் ஸ்டீம் பிளாக்செயின் சங்கிலியை நடத்தும் சாட்சிகளை மாற்றின. எதிர்ப்பு கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் வாக்கைத் திரும்பப் பெற்றன. மார்ச் 20 அன்று ஒரு பகுதியினர் பிரிந்து ஹைவைத் தொடங்கினார்கள். மே மாதம் ஸ்டீமில் 64 கணக்குகளிலிருந்து சுமார் 2.36 கோடி டோக்கன்கள் விதிமாற்றத்தின் மூலம் பறிக்கப்பட்டன. யாராலும் தொட முடியாது என்று நம்பிய சொத்து அது. மார்ச்சில் நடந்ததுபோல, சந்தையில் டோக்கனை விட்டுவைத்தால் அதன் வாக்கும் உங்கள் கையில் இல்லை.

அவதூறு, அந்தரங்கப் படம் என்றால் விஷயம் வேறு. சங்கிலியில் ஏறிய எழுத்தை அழிக்க முடியாது. திருத்தினாலும் பழைய வடிவம் அதில் இருக்கும். ஆனால் படம் பெரும்பாலும் சங்கிலியில் இருப்பதில்லை. தனி சர்வரில் இருக்கும், சங்கிலியில் அதன் இணைப்பு மட்டுமே. அதனால் படத்தை வைத்திருக்கும் சர்வருக்கும், பதிவைக் காட்டும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எழுதி நீக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியலாம். ஸ்கிரீன்ஷாட், பதிவின் இணைப்பு, பரிவர்த்தனை எண் மூன்றையும் முன்பே சேமித்து வையுங்கள்.

கணக்கின் கடவுச்சொல்லாக இயங்கும் சாவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுவதற்குப் போஸ்டிங் சாவி போதும். ஓனர் சாவியை எந்தத் தளத்திலும் தட்டாதீர்கள். யாராவது அதைத் திருடி மாற்றினால் 30 நாளுக்குள் மீட்புக் கணக்கு வழியாகத் திரும்பப் பெறலாம். நீங்களே தொலைத்துவிட்டால் மீட்க வழியில்லை.