ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் எதற்கு? பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு

பெரம்பலூரோ அரியலூரோ, இ-சேவை மையத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அம்மா, நம்பர் தப்புன்னு வருது. இன்னொரு தரம் மெதுவா சொல்லுங்க." ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் மாறியதுமே கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

12 இலக்கத்தில் 11தான் அடையாளம்

ஆதாரின் முதல் 11 இலக்கங்கள்தான் அடையாள எண். அது 0, 1-இல் தொடங்காது. ஆக, மொத்தம் 8,000 கோடி எண்கள் சாத்தியம். 12-வது இலக்கம் முந்தைய 11-ஐ வைத்துக் கணக்கிடப்படும் காவல்காரன். இதற்குப் பெயர் சோதனை இலக்கம்.

கூட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. 62-ஐ 26 என்று மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 8தான். வங்கி அட்டை எண்களில் உள்ள 'லூன்' முறை, ஒன்றுவிட்டு ஒன்று இலக்கங்களை இரட்டிப்பாக்கி இதைப் பிடிக்கிறது. ஆனால் 09, 90 என்று மாறினால் அதுவும் ஏமாந்துவிடும்.

ஆதாரில் இருப்பது நெதர்லாந்து கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை. அடிப்படை, ஓர் ஐங்கோணம். அட்டையில் வெட்டிய ஐங்கோணத்தைச் சுழற்றலாம், புரட்டலாம். மொத்தம் 10 நிலைகள். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு நிலை. சுழற்றிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. குளிச்சிட்டுத் துணி மாத்துறதும், துணி மாத்திட்டுக் குளிக்கிறதும் ஒண்ணா என்ன? வரிசை மாறினால் விடை மாறும். அதனால் ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த முறை தப்பாமல் பிடித்துவிடும்.

காவல் இல்லாத எண்கள்

1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் சோதனை இலக்கம் இல்லை. பெரம்பலூர் 621212, அரியலூர் 621704. அவசரத்தில் 621-ஐ 612 என்று எழுதினால், அது கும்பகோணம் பக்கத்தைக் காட்டும்.

வங்கிக் கணக்கு எண்ணில்தான் உண்மையான ஆபத்து. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சோதனை இலக்கம் அதில் கிடையாது. தவறாக அடித்த எண் வேறொருவருடையதாக இருந்தால், பணம் அங்கே போய்விடும். இதைத் தடுக்கத்தான், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறையில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதற்குக் கட்டணம் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள்

சோதனை இலக்கம் எழுத்துப்பிழையைத்தான் பிடிக்கும், ஏமாற்றுக்காரரை அல்ல. இஷ்டத்துக்கு எழுதும் எண்களிலும் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். எண் சரி என்றால், ஆள் சரி என்று அர்த்தமில்லை. பணம் அனுப்பும்போது ஒரு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, பெயரைப் பார்த்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.