'ஸ்டில்ட் + 4' ஃப்ளாட் வாங்கப் போறீங்களா? அந்த 'ஸ்டில்ட்' என்னன்னு பார்த்துடுங்க!

சென்னையில் ஃப்ளாட் தேடி அலைபவர்களுக்கு 'ஸ்டில்ட் + 4' என்பது மனப்பாடம். கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் தளம், அதற்கு மேல் நாலு மாடி. ஆனால், 'ஸ்டில்ட்' என்றால் பார்க்கிங் என்று அர்த்தம் இல்லை.

நேர்ப் பொருள், பொய்க்கால். பொய்க்கால் குதிரை ஆடுபவர் காலில் கட்டுவாரே, அந்தக் கட்டை. சிலப்பதிகாரம் சொல்லும் 11 ஆடல்களில் ஒன்றான மரக்கால் ஆடலும் இந்த ரகம்தான். ஆங்கிலத்தில் 14-ம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் உண்டு. அப்போது ஊன்றுகோலுக்கும் அதுவே பெயர். டச்சு மொழியின் 'ஸ்டெல்ட்' இதற்குச் சொந்தம். பள்ளிக்கரணையில் சிவப்புக் குச்சிக் கால்களோடு நடக்கும் நெடுங்கால் உள்ளானும் ஆங்கிலத்தில் ஸ்டில்ட்தான். இயல்பில்லாமல் விறைப்பாக எழுதுவதை 'ஸ்டில்டட்' என்பார்கள். நம்ம ஆபீஸ் மெயில்களில் பாதி அப்படித்தானே!

கட்டடத்துக்கு வருவோம். மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். கீழே வெறும் தூண்கள். நிலம் குலுங்கும்போது மேலே உள்ளதெல்லாம் ஒரே கட்டியாக அசைய, வளையும் வேலை முழுக்க அந்தத் தூண்கள் தலையில் விழும். பொறியாளர்கள் இதை 'சாஃப்ட் ஸ்டோரி' என்கிறார்கள். 2001 ஜனவரி 26-ல் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது, 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் இந்த மாதிரி அடுக்குமாடிகள் பல சரிந்தன.

அடுத்த ஆண்டே ஐஎஸ் 1893 விதி திருத்தப்பட்டது. இத்தகைய தளத்தின் தூண்களையும் பீம்களையும் வழக்கமான நிலநடுக்கக் கணக்கைப்போல 2.5 மடங்கு விசைக்கு வடிவமைப்பது அதில் சொல்லப்பட்ட ஒரு வழி. அதே திருத்தத்தில்தான் சென்னை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு ஏறியது. அதற்கு முன் கட்டிய பழைய ஃப்ளாட் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துப் போய்க் காட்டுவது நல்லது. விளம்பரத்தில் டைல்ஸ் பிராண்டு வரை இருக்கும், இது மட்டும் இருக்காது.

பார்க்கிங்குக்குத் தனி விலை கேட்கிறார்களா? மும்பை தஹிசர் வழக்கு ஒன்றில் 2010-ல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர ஃப்ளாட் சட்டத்தின்படி ஸ்டில்ட் தளம் எல்லோருக்கும் பொதுவான பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்றது. உங்கள் பத்திரத்தில் அந்த இடம் எப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.