பழைய லான்ட்றோவருக்குப் பெரிய ரயர் போடலாமா?

மாரி தொடங்க முன்னர், பல குடும்பங்கள் பங்குபோட்டு வைத்திருக்கும் பழைய லான்ட்றோவரைப் பற்றி ஒரு கேள்வி எழுவது வழக்கம். "ரயர் தேய்ந்துபோச்சு. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சேற்றில் புதையாதல்லவா?" நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து ரயரின் விலை, விதைநெல்லுக்கென ஒதுக்கிய காசையும் விழுங்கிவிடக்கூடியது. கணக்குப் பார்த்து இறங்குவோம்.

1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் தொடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலமானால் அது குட்டை வண்டி, 109 ஆனால் நீட்டு வண்டி. குட்டைக்கு வழக்கமான அளவு 6.00-16, நீட்டுக்கு 7.50-16. முதல் எண் ரயரின் அகலம், மற்றது றிம்மின் விட்டம்.

குட்டை வண்டிக்கு 7.50 போட்டால் ரயரின் உயரம் ஏறக்குறைய 29 அங்குலத்திலிருந்து 32 ஆகும். ஆனால் அச்சு நிலத்திலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் ஒன்றரை அங்குலம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. சில்லு ஒரு சுற்றுக்குப் பத்திலொரு பங்கு கூடுதலாக ஓடும். எல்லாக் கியரிலும் அந்தளவுக்கு இழுவை குறையும். 62 குதிரைவலு டீசல் எஞ்சின் நெல்மூட்டைகளோடு குளக்கட்டில் ஏறத் திணறும். வேகமானி 50 காட்டும்போது உண்மையில் 55 இல் ஓடுவீர்கள். பிறேக்கும் முன்போல் பிடிக்காது. நீட்டு வண்டிக்கு 11 அங்குலப் பிறேக் றம் பூட்டிய நிறுவனம், குட்டை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 அங்குலம்தான் பூட்டியது.

எல்லாவற்றிலும் மோசமானது பின் அக்சில் தண்டு. இவ்வண்டிகளின் பலவீனமே அதுதான். புதைந்த பெரிய சில்லைச் சுழற்ற எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சைச் சட்டென விட்டால் தண்டு முறியலாம். பிரசவ நோவோடு ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் இரவில் அது முறிந்தால் என்ன செய்வது?

ஆகவே குட்டை வண்டிக்கு 6.50 அல்லது 7.00 போதும் என்பது என் எண்ணம். 7.50 தான் வேண்டுமென்றால் நீட்டு வண்டியின் அகன்ற றிம்மும் தேவை. பூட்டியபின் ஸ்ரியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, ரயர் ஸ்பிறிங்கில் உரசுகிறதா என்று பாருங்கள். சுமை ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். சேற்றுக்கு உயரத்தைவிட முக்கியம், மண்ணை உதறித்தள்ளும் ஆழமான, இடைவெளிவிட்ட பல்லு.

முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு வேறளவும் போடவே கூடாது. நான்கு சில்லு இழுவையில், இறுகிய தரையில், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர்ப்பெட்டியைக் கெடுக்கும். மேலதிகச் சில்லும் ரியூப்பும் அதே அளவாக இருக்கட்டும்.

பாவித்த ரயர் வாங்குவோர் பக்கச்சுவரில் டீ.ஓ.ரி. எழுத்துக்களோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தியது. பல்லு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வாங்காதீர்கள்.