கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கணக்கு

காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாத அடிகளை எண்ணுவது எப்படி?

வீட்டுக்கு ஒரு பெண் மட்டும். பேட்டி எடுப்பவரும் பெண். அருகில் கணவனோ மாமியாரோ இருக்கக் கூடாது. யாராவது எட்டிப்பார்த்தால் கேள்வி நின்றுவிடும். தனிமை கிடைக்கவே இல்லை என்றால் அந்தப் பகுதியே விடப்படும். மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிலையம் நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வில், கணவனின் வன்முறை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இத்தனை காவல். தான் சொன்னது வெளியே தெரிந்தால் அதற்கும் அவள் அடி வாங்க நேரிடலாம்.

எதைக் கேட்பது என்பதும் சிக்கல்தான். 1998-99 ஆய்வு, 15 வயதுக்குப் பிறகு யாராவது அடித்ததுண்டா என்று பொதுவாகக் கேட்டது. கணவனைக் குறிப்பிட்டவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர். 2005-06ல் கேள்வி மாறியது. அறைந்தாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா? ஒவ்வொன்றாகக் கேட்டதும் எண்ணிக்கை 35 சதவீதத்தைத் தொட்டது. ஏழே ஆண்டுகளில் கணவன்மார் அத்தனை மாறியிருக்க வாய்ப்பில்லை, மாறியது கேள்வி. ஓர் அறையைக் 'கொடுமை' என்று பல பெண்கள் நினைப்பதே இல்லை. 2019-21 ஆய்வில்கூட, ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்றவர்கள் 45 சதவீதப் பெண்கள்.

அதே ஆய்வில், மணமான பெண்களில் 29 சதவீதம் பேர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். கர்நாடகத்தில் 2015-16ல் சுமார் 21 சதவீதமாக இருந்தது 44 ஆக எகிறியது. ஊரடங்கைக் காரணம் காட்டவும் வழியில்லை. அங்கு பேட்டிகள் கொரோனாவுக்கு முன்பே முடிந்துவிட்டன. அடி கூடியதா, வாய் திறந்ததா? எண் மட்டும் அதைச் சொல்லாது.

காவல்துறைக் கணக்கோ வேறு உலகம். கணவன் மற்றும் உறவினர் கொடுமை என 2022ல் நாடு முழுவதும் பதிவானவை சுமார் 1.4 லட்சம் வழக்குகள். 2019-21 ஆய்வில், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதமே. 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

இன்னொரு கேள்வி: விருப்பமில்லாதபோது கணவர் பலவந்தமாக உறவு கொண்டாரா? ஆய்வு இதை வன்முறை என்று எண்ணுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் அதை வன்புணர்ச்சி என்று ஏற்பதில்லை.

பேட்டி முடிந்ததும் கதவு திறக்கிறது. படிவம் கணக்கில் சேர்கிறது. அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.