வழிப்பொருளும் போலிப்பொருளும்

ஒரு பொருளைக் கண்டு அதுபோல் மற்றொன்றைச் செய்தல் மனிதனின் பழைய இயல்பு. குயவனும் கொல்லனும் தொழில் கற்றது அவ்வாறே. ஆயினும், பார்த்துச் செய்தல் எந்த எல்லை வரை முறையானது, எந்த இடத்தில் களவாகிறது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்களை விற்கும் கடையில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. மலேசியாவில் சாலை விபத்துகளால் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆதலின், ஒரு பிரேக் கட்டை எவரால் செய்யப்பட்டது என்பது வணிகர்களுக்கிடையே உள்ள வழக்கு மட்டுமன்று. உயிரைப் பற்றிய வழக்கும் ஆகும்.

நால்வகைப் பாகங்கள்

கடையில் கிடைக்கும் பாகங்களை நால்வகையாகப் பிரிக்கலாம். வண்டியைச் செய்த நிறுவனமே தன் பெயரால் விற்பது முதல் வகை. வேறொரு நிறுவனம் தன் பெயரை வெளிப்படையாக இட்டு, இன்ன வண்டிக்குப் பொருந்தும் என்று கூறி விற்பது இரண்டாம் வகை. பிறர் புதிதாக வகுத்த அமைப்பையோ அழகையோ அப்படியே எடுத்துத் தன் பெயரால் விற்பது மூன்றாம் வகை. பிறர் பெயரையும் குறியையும் பொறித்து, அவர் செய்ததே இது என நம்பவைத்து விற்பது நான்காம் வகை. பேச்சு வழக்கில் பின் மூன்றையும் ‘டூப்ளிகேட்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பவர் பலர். குழப்பத்திற்கு முதற்காரணம் அச்சொல்லே.

தமிழ் இலக்கணம் நூல்களைப் பற்றி இத்தகைய வேறுபாட்டை முன்னரே வகுத்துள்ளது. தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நான்காக்கும். நன்னூலோ பாயிரம் கூறவேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் சேர்த்து எண்ணும். பிறர் நூலின் வழியே ஒரு நூல் செய்தல் குற்றமன்று. செய்தவன் பெயரையும் வந்த வழியையும் மறைத்தலே குற்றம் என்பது இதனால் பெறப்படும். இவ்வளவுகோல் இரும்பால் செய்த பொருளுக்கும் பொருந்துமா என்பதைச் சில வரலாற்று நிகழ்ச்சிகள் காட்டும்.

ஒரு வண்டி, பல நாடுகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ட்சோப்பாவ் என்னும் ஊரில் இருந்த டி. கே. டபிள்யூ. நிறுவனம் 1939-இல் ஆர். டி. 125 என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. எளிமையும் உறுதியும் வாய்ந்த இருவீச்சு எஞ்சின் அது. போரில் ஜெர்மனி தோற்றபின், அதன் வரைபடங்களும் காப்புரிமைகளும் போர் இழப்பீடாக வென்ற நாடுகளின் கைக்குச் சென்றன. சோவியத் நாடு 1946-இல் அதே வண்டியைத் தன் பெயரால் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் அதனைத் தழுவி 1948-ஆம் ஆண்டுக்குரிய சிறு வண்டியை வெளியிட்டது. அதே 1948-இல் இங்கிலாந்தின் பி. எஸ். ஏ. நிறுவனம் ‘பாண்டம்’ வண்டியைக் கொணர்ந்தது. கியர் மிதி வலப்புறம் இருத்தலே ஆங்கிலேயர் வழக்கமாதலின், எஞ்சினைக் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடம் வலமாக மாற்றி அமைத்தனர். ஜப்பானின் யமஹா மோட்டார் நிறுவனம் 1955-இல் செய்த முதல் வண்டியும் இந்த ஆர். டி. 125-ஐப் பின்பற்றியதே.

இவற்றை யாவரும் இன்று போலி என இகழ்வதில்லை. ஒவ்வொன்றும் செய்தவர் பெயரையே தாங்கி நின்றது. பாண்டம் 1954-இல் 150, 1958-இல் 175 என எஞ்சின் அளவில் வளர்ந்து, 1971 வரை செய்யப்பட்டது. இது விரித்தல் என்னும் வகையைச் சாரும். ஆயினும், வென்றவர் சட்டப்படி எடுத்துக்கொண்டதனால், வகுத்தவருக்கு இழப்பு இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் ஒப்பியதும் அறம் ஒப்பியதும் எப்போதும் ஒன்றல்ல.

அதே ஊரில் தோன்றிய மற்றொரு நிகழ்ச்சி இதனை மேலும் தெளிவாக்கும். கிழக்கு ஜெர்மனியின் எம். இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் இருவீச்சு எஞ்சினுக்கு ஏற்ற புகைக்குழாயை ஆராய்ந்து செம்மைப்படுத்தினார். முதலில் விரிந்து பின்னர் குறுகும் வயிறு போன்ற வடிவம் அதற்கு உண்டு. விரியும் பகுதி புகையை வெளியே இழுக்கும்; குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, எரியாமல் வெளியேறும் புதுக்கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளும். இதனால் சிறு எஞ்சினும் பெருவலிமை பெற்றது. 1961-இல் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது தப்பிச் சென்று, இம்மறைபொருளைச் சுசுகி நிறுவனத்திடம் சேர்த்தார். அடுத்த ஆண்டே 50 சி. சி. பிரிவில் உலகப் பட்டம் சுசுகிக்குக் கிட்டியது. இங்கே வண்டியின் மீது இருந்த பெயர் பொய்யன்று; அறிவு வந்த வழியே மறைக்கப்பட்டது.

பழுது பார்க்கும் உரிமை

மறுபக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. பழுதான பாகத்தை மாற்ற, வண்டி செய்தவரிடமே சென்று அவர் கேட்கும் விலையைத்தான் கொடுக்கவேண்டுமா? இவ்வினா 1986-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிமன்றத்தில் எழுந்தது. பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்துக் காரின் புகைக்குழாயைப் பார்த்து ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் மாற்றுக் குழாய் செய்தது. அது வரைபடத்தின் பதிப்புரிமையை மீறியதே என நீதிபதிகளில் பெரும்பாலோர் கருதினர். ஆயினும், காரை விற்றவர், வாங்கியவர் அதனைப் பழுது பார்த்துக்கொள்வதைத் தடுக்க அவ்வுரிமையைப் பயன்படுத்தலாகாது எனத் தீர்ப்பாயிற்று. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தல் முறையன்று என்பதே அதன் கருத்து.

பின்னர் வந்த சட்டங்களும் இந்நெறியை ஓரளவு ஏற்றன. மலேசியாவின் 1996-ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டமும், சிங்கப்பூரின் 2000-ஆம் ஆண்டுப் பதிவுபெற்ற வடிவமைப்புச் சட்டமும், மற்றொரு பொருளின் உறுப்பாக அமைவதற்காக அதன் தோற்றத்தைச் சார்ந்தே தீரவேண்டிய வடிவக் கூறுகளைத் தம் காப்பில் சேர்ப்பதில்லை.

பொருத்தமும் விருப்பமும்

இவற்றால் ஒரு வரையறை புலனாகும். பொருந்துவதற்காக வேண்டப்படும் வடிவம் வேறு. வகுத்தவன் தன் உழைப்பாலும் விருப்பத்தாலும் தேர்ந்த வடிவம் வேறு. பிரேக் கட்டையின் துளை இருக்கவேண்டிய இடத்தை வண்டியே முடிவு செய்கிறது. அதனைப் பின்பற்றுதல் களவன்று. ஆனால், கைப்பிடிக்கோ பின்பார்வைக் கண்ணாடிக்கோ ஒருவர் பலமுறை செய்து பார்த்துக் கண்ட புதிய உருவத்தை, வேறுவழி பல இருந்தும் அப்படியே எடுத்துக் குறைந்த விலைக்கு விற்றல், அவர் உழைப்பை உண்டு வாழ்தலாகும். சட்டத்தின் வலைக்கு அது தப்பினும் அறத்தின் பார்வைக்குத் தப்பாது.

நான்காம் வகையைப் பற்றி ஐயமே இல்லை. பிறர் பெயரைத் தாங்கிய போலிக் கட்டை சூட்டில் பிடிப்பை இழந்தால், அதற்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை. பெயருக்குரியவர் அதைச் செய்யவில்லை. செய்தவர் பெயர் அதில் இல்லை. மலிவான பாகம் யாவும் போலியன்று, விலையுயர்ந்த பாகம் யாவும் மெய்யன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. வருவாய் குறைந்த தொழிலாளிக்கு மாற்றுப் பாகம் தேவையே. அவர் பார்க்கவேண்டுவது, உறையின் மீது செய்தவர் பெயரும் ஊரும் தெளிவாக உள்ளனவா, குறைபாடு நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் உண்டா என்பதே.

நூலுக்குப் பாயிரம் எதற்கு என்று மாணவர் வினவுவதுண்டு. உதிரி பாகத்தின் உறையை எடுத்துக்காட்டி ஆசிரியர் அதற்கு விடை கூறலாம். தன் பெயரைச் சொல்லி நிற்பவன் தன் வேலைக்குப் பொறுப்பேற்கிறான். வந்த வழியைச் சொல்பவன் முன்னோர் உழைப்புக்குக் கடன் தீர்க்கிறான். இவ்விரண்டும் உள்ள பொருள் வழிப்பொருள். இரண்டும் அற்றது போலிப்பொருள்.