போன் பேட்டரிக்கு எது பகை?

"சுத்தமா இறங்கினப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்று இன்றும் யாராவது சொல்லக் கேட்கலாம். அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் போன்களில் இருப்பது அந்த வகைதான். அதை அடிக்கடி பூஜ்ஜியம் வரை இறக்குவது நன்மை இல்லை, கெடுதல்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று தானாகவே உருவாகும். அது இல்லாமல் பேட்டரி நெடுநாள் உழைக்காது. ஆனால் அதுவே தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கிவிடும். விழுங்கியது மீண்டும் வேலைக்கு வராது. ஆண்டுகள் போகப்போகக் கொள்ளளவு குறைவதற்கு இது முக்கியக் காரணம்.

படலத்தை வேகமாகத் தடிக்க வைப்பது சூடு. அடுத்தது, நூறு சதவீதத்திலேயே நெடுநேரம் கிடப்பது. முழு சார்ஜில் செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையோ அதற்குச் சற்று மேலேயோ தொடும். அந்த உச்சத்தில் வேண்டாத வேதிவினைகள் எல்லாம் சுறுசுறுப்பாகிவிடும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இரவு முழுக்கச் சார்ஜில் போட்டால் நிரம்பி வழிந்துவிடாது. நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். சூடு வெளியேற முடியாதபடி தலையணைக்கு அடியில் வைப்பதுதான் தப்பு. எத்தனை முறை ஒயரைச் செருகுகிறோம் என்ற கணக்கும் வீண். இன்று ஐம்பது, நாளை ஐம்பது சதவீதம் ஏற்றினால் அது ஒரே ஒரு சுழற்சி. ஐபோன் 15 வரிசையின் பேட்டரி, உகந்த சூழலில் 1000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். அதற்கு முந்தைய மாடல்களுக்குச் சொன்னது 500.

இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்திருக்கிறேன் என்று நாள் முழுக்கச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. பேட்டரி தேயத்தான் செய்யும். உங்கள் போனில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் கவனம் வேண்டும். பைக் ஹேண்டில்பாரில் மேப்பை ஓடவிட்டுச் சார்ஜும் போடாதீர்கள். பூட்டிய காருக்குள் போனை விட்டுப் போகாதீர்கள். பேட்டரி உப்பி பின்மூடி தூக்கினால் அழுத்திப் பார்க்க வேண்டாம். அணைத்துவிட்டு நேரே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.